வெந்நீரும் வெறும் வயிறும்

எங்கள் ஊரில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், கூட வந்தவர் கேட்டுவிடுவார்: "என்னத்தச் சாப்பிடணும், என்னத்தத் தள்ளணும்? அத மட்டும் சொல்லுங்க." சர்க்கரைக்கும் இதே கேள்வி, மஞ்சள்காமாலைக்கும் இதே கேள்வி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உணவு ஆலோசகராகக் காலம் தள்ளும் நான் இதைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நோயோடு வருகிறவர்களுக்கு இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. "காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கீங்க? எப்போ அடுப்புல நிக்கீங்க? மாத்திரை எப்போ?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வரும். பணம் கட்டி வந்தது கதை சொல்லவா என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணி ஆற்றைக் கடந்து இறங்கினால் கொக்கிரகுளம், அதை ஒட்டி வண்ணார்பேட்டை. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் இந்தப் பக்கம்தான் பஸ் ஏறுகிறார்கள். ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கே தனியார் மருத்துவமனைகள். அப்படி ஒன்றில்தான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். நரம்பியல் வார்டில் டயட்டீஷியன் என்றால், பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு மூக்குக் குழாயில் ஊற்றும் கஞ்சிக்கு அளவு எழுதுகிறவள் என்று பொருள். எம்.எஸ். எப்போதாவது ஒன்று வரும். பார்த்த உடனே தெரிவது வயதுதான். வார்டு முழுக்கக் கிழவர்கள் படுத்திருக்க, ஒரு கட்டிலில் மட்டும் இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண். கட்டில் விளிம்பில் ஒரு கைக்குழந்தை.

உடம்பின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். எங்கே தாக்குகிறதோ அதற்கேற்ற கோளாறு. ஒரு கண் மங்கும். ஒரு கால் இழுக்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மூத்திரம் அடக்க வராது. சில வாரங்களில் தணியும், மாதங்கள் கழித்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். பாரிஸில் ஷார்கோ 1868இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். குளிர்நாட்டார் நோய் என்று இங்கே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள், எம்.ஆர்.ஐ. பரவிய பிறகுதான் நம்மிடையேயும் இது இருப்பது சரியாகக் கண்ணில் பட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. நம் மாநில அரசின் படிவங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று போட்டிருக்கும்.

பொறியியல் படித்த பையன் ஒருவன் வந்தான். அப்பா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டான்: "மேடம், ஹாஸ்டல்ல தெனமும் நைட்டு புரோட்டாதான். அதனாலயா?" இல்லை என்று சொன்னேன். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளையும் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளையும் வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. எப்ஸ்டீன்-பார் என்ற, உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் ஒரு வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதை அது காட்டியது. வைரஸ் மட்டும் போதாது. மரபணு, வைட்டமின் டி குறைவு, சிறு வயதுப் பருமன், சிகரெட் எல்லாம் கூடச் சேர்கின்றன. நோய் வந்த பிறகும் அதை வேகப்படுத்துவதில் சிகரெட்டுக்குப் பெரிய பங்கு. உணவுப் பட்டியலை ஆணி அடித்தாற்போல் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆண்களில் சிலரின் சட்டைப்பையிலிருந்து வாசனை வரும். அவர்களிடம் நான் முதலில் பேசுவது அரிசியைப் பற்றி அல்ல.

உணவு ஆலோசகர் கேட்கும் கேள்வியால் நோயின் பெயரே மாறும் இடம் ஒன்று உண்டு. பி12 குறைந்தாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும், தண்டுவடம் கெடும். டவுனில் தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் வீடுகள் நிறைய. அதில் பாலும் மோரும் பிடிக்காது என்று ஒதுக்கியவர்கள், வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்கள், இவர்களை நான் குடைந்து குடைந்து கேட்பேன். அந்தக் குறிப்பு நரம்பியல் மருத்துவர் கைக்குப் போகும். ரத்தப் பரிசோதனையில் அது பி12தான் என்று தெரிந்தால் ஊசியிலேயே தேறிவிடலாம். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோயும் பார்வைக்கு எம்.எஸ். போலவே இருக்கும், 2004இல் அதற்குரிய எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகுதான் இரண்டையும் தெளிவாகப் பிரிக்க முடிந்தது. எம்.எஸ்ஸுக்கான சில மருந்துகள் அதை மோசமாக்கும். ஆகவே மருத்துவர் நோய்க்குப் பெயர் வைத்து முடிக்கும் முன் "நரம்புக்கு நல்லது" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

இனி உணவுக்கு வருகிறேன். இந்த நோய்க்கு உணவு முறை வகுத்தவர்களில் மூத்தவர் ராய் ஸ்வாங்க். நார்வேயில் உள்நாட்டு விவசாயிகளிடம் எம்.எஸ். அதிகமாகவும் கடலோர மீனவர்களிடம் குறைவாகவும் இருப்பதை 1952இல் எழுதினார். உள்நாட்டில் வெண்ணெயும் பாலும், கடலோரத்தில் மீன். மான்ட்ரியாலில் நோயாளிகளுக்கு நிறைகொழுப்பை வெகுவாகக் குறைத்துக் கொடுத்து, 34 ஆண்டு அவர்களைப் பின்தொடர்ந்து, 1990இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். கொழுப்பைக் குறைத்தவர்கள் நெடுநாள் நன்றாக இருந்தார்கள் என்றது அது. படிக்கும்போது எனக்கு உவரியும் பெரியதாழையும் நினைவுக்கு வந்தன: சாளை மீன் கூடையில் வரும் கடற்கரை ஒரு பக்கம், நெய் மணக்கும் உள்நாடு ஒரு பக்கம். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. நோய் முற்றியவர்களால் பத்தியத்தைப் பிடித்து நிற்க முடியாமல் போயிருக்கலாம். அப்படியானால் எது காரணம், எது விளைவு?

ஸ்வாங்க் கணக்கில் ஒரு நாளைக்கு நிறைகொழுப்பு 15 கிராம். அதை நம் அடுக்களைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பெரிய தேங்காய் ஒன்றின் பருப்பில் 100 கிராமை ஒட்டி நிறைகொழுப்பு உண்டு. நாலு பேருக்குச் சொதி வைக்க அதைப் பிழிந்தால், சக்கையில் தங்குவது போக, ஒரு ஆளின் அன்றைய கணக்கு அந்த ஒரே வேளையில் முடிந்துவிடும். திருநெல்வேலிப் பெண்ணிடம் சொதியை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறுவீடு வரும்போது வைத்துக்கொள், வாராவாரம் வேண்டாம் என்பதோடு விட்டுவிடுவேன்.

இன்னொருவர் அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த மருத்துவர் டெர்ரி வால்ஸ். தனக்கே எம்.எஸ். வந்து சக்கர நாற்காலிக்குப் போய், உணவாலும் உடற்பயிற்சியாலும் மின்தூண்டலாலும் எழுந்தவர். அவருடைய முறையில் நாளைக்கு ஒன்பது கப் காய்கறி, கீரை, பழம். தானியமும் பாலும் கிடையாது. அதாவது சோறு இல்லை, இட்லி இல்லை, மோர் இல்லை. இந்த இரண்டு முறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. இரண்டிலும் அசதி குறைந்திருந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான பட்டியல்கள் இரண்டும் பலன் தருகின்றன என்றால் பலன் பட்டியலில் இருந்து வரவில்லை என்றே எனக்குத் தோன்றியது. பாக்கெட் தின்பண்டம் நின்றது, காய்கறி கூடியது, வேளைக்குச் சாப்பிட்டார்கள், யாரோ ஒருவர் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுக்கும் பேட்டைச் சந்தையில் காய் வாங்கினாலே போதும்.

எனக்கு இந்த நோயைக் கற்றுக்கொடுத்தவர் பாளையங்கோட்டைப் பக்கம் இருந்து வந்த ஒரு இல்லத்தரசி. தோசை சுடும்போது கண் மங்குகிறது என்றார். அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் அரை மணியில் தெளிந்துவிடும். "பொகையா இருக்கும்" என்றார் மாமியார். கேஸ் அடுப்பில் புகை ஏது? பிறகு கண்ணாடி மாற்றினார்கள். பிறகு, வேலைக்கு உடம்பு வணங்காதவள் என்று பேர் வந்தது. சித்திரை, வைகாசியில் கால் பின்னும். மழைக்காலத்தில் ஒன்றும் இருக்காது. மாமியாரின் சந்தேகத்துக்கு இது இன்னும் எண்ணெய் ஊற்றியது.

இதை 1890இல் ஜெர்மனியில் உட்ஹாஃப் என்ற கண் மருத்துவர் பதிந்து வைத்திருக்கிறார். உழைத்துக் களைத்தால் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்புகிறது என்று அவர் எழுதினார். காரணம் உடம்புச் சூடு என்பது பிற்பாடு தெரிந்தது. உறை இழந்த நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அது நின்றுபோகும். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, தொல்லை கூடுகிறதா என்று பார்த்தே நோயை ஊகித்தார்கள். இது புதுத் தாக்குதல் அல்ல. சூடு தணிந்தால் போய்விடும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் சூடு எங்கே தணிகிறது?

அந்தம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் உணவுப் பட்டியல் கால் பக்கம்தான். சமையல் விடியுமுன் ஒரே தடவையில் முடிய வேண்டும். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்ய வேண்டும். காய் நறுக்குவது முந்தின நாள் ராத்திரி, ஃபேனுக்குக் கீழே. பக்கத்தில் ஐஸ் தண்ணீர், வாய் வாயாகக் குடிக்க. கழுத்தில் ஈரத் துண்டு. ஐஸ் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் ஒரு போராட்டமே நடந்தது. குளிர்ந்த நீர் குடித்த எம்.எஸ். நோயாளிகள் வெக்கையில் கூடுதல் நேரம் உடற்பயிற்சி செய்ய முடிந்ததை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றேன். ஆஸ்திரேலியா என்றதும் மாமியார் கொஞ்சம் அடங்கினார். தோசை இரவுக்கு; அதைச் சுடுவது வீட்டுக்காரர். காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். பழைய சோற்றின் நுண்ணுயிர்களைப் பற்றி இப்போது வாட்ஸப்பில் புராணமே ஓடுகிறது. இருக்கட்டும், இந்த வீட்டில் அதன் மகிமை, அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம் என்பதுதான்.

சூட்டைப் பற்றி இன்னொன்று. குறுக்குத்துறையில் விடிகாலையில் ஆற்றில் இறங்கி வந்த அன்றைக்குக் கால் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாமிரபரணி மூலிகைத் தண்ணீர் என்பது அவர்கள் விளக்கம். உடம்புச் சூடு இறங்கியதால் என்பது என் விளக்கம். இரண்டு பேருக்கும் சம்மதமான முடிவு: போகலாம், தனியாகப் போகக் கூடாது, பாசி படிந்த படியில் கால் வைக்கக் கூடாது. வண்ணார்பேட்டை பேராச்சி அம்மன் கோயில் படித்துறையிலும் அப்படித்தான்.

மருந்துக்கும் சூடு ஆகாது. இன்டர்ஃபெரான் ஊசியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 பெருவெள்ளத்தில் கொக்கிரகுளமும் எங்கள் தெருக்களும் முங்கி மின்சாரம் போனபோது, ஒரு வீட்டில் மீன்காரரின் தெர்மாகோல் பெட்டியில் ஊசிகளை வைத்து மொட்டைமாடிக்கு ஏறினார்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் ஊசி வீண் என்பதால் துண்டில் சுற்றி வைக்கத் தெரிந்திருந்தது அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு.

விரதத்துக்கு வருவோம். பட்டினி போட்டால் எம்.எஸ். குணமாகும் என்ற பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை. வால்டர் லாங்கோவின் குழு 2016இல், பட்டினியை ஒத்த குறைந்த உணவைச் சுண்டெலிகளுக்குச் சுழற்சியாகக் கொடுத்து, எம்.எஸ். போன்ற நோய் தணிவதைக் காட்டியது. நோயாளிகளிடமும் சிறு அளவில் செய்து பார்த்தார்கள். 2018இல் லாரா பிச்சியோவின் குழு, ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி இருந்த எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் மாறி, நோய் குறைவதைக் கண்டது. எலிக்கு நல்லது. மனிதர்களில் இதுவரை வந்தவை சிறு ஆய்வுகள். நோயின் போக்கை மாற்றும் மருந்துக்குப் பதிலாகப் பட்டினி நிற்கும் என்று அவற்றில் எதுவும் காட்டவில்லை. யூடியூப்பில் சொல்கிறவருக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் ஆய்வு படித்துவிட்டு விரதம் இருக்கிறவர்கள் அல்ல. அவர்கள் எப்போதும் இருந்துவந்தவர்கள். மேலப்பாளையத்தில் நோன்பு, டவுனில் புரட்டாசிச் சனி, பாளையங்கோட்டையில் தபசு கால உபவாசம், எல்லா ஊரிலும் கந்த சஷ்டி. இருக்காதே என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்கள், என்னிடம் மறைப்பார்கள்.

2019இல் ரமலான் மே 7 வாக்கில் தொடங்கியது. அக்னி நட்சத்திரத்தோடு சேர்ந்தே நடந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிற்பகல் அஸர் தொழுகை நேரம் ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. பசியால் என்று அவளுடைய வாப்பா நினைத்தார். நான் ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். பசி ஒரு பங்குதான். விடியுமுன் சஹர் சாப்பிட எழுவதற்காகத் தூக்கம் உடைகிறது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. ராத்திரியும் குடிப்பதில்லை, ஏனென்றால் குடித்தால் மூத்திரத்தை அடக்க முடியாமல் இருட்டில் எழுந்து நடக்க வேண்டும். நாலு மணிக்கு நோன்புக் கஞ்சிக்காக அடுப்பில் நிற்கிறாள். மாத்திரை டைமெத்தில் ஃபியூமரேட், நாளைக்கு இரண்டு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் முகம் சிவந்து உடம்பெல்லாம் தீயாய் எரியும் என்பதால் காலை வேளையை விட்டுவிட்டிருந்தாள்.

மாத்திரை நேரத்தில் நான் கை வைப்பதில்லை. சீட்டு எழுதி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்து சாப்பிட்ட பின் ஒன்று என்று அவர் மாற்றினார். சஹரில் வெறும் சோறும் குழம்பும் போதாது, முட்டையும் கடலையும் சேர வேண்டும் என்பது என் பங்கு. வயிற்றில் கெட்டியாக ஏதாவது இருந்தால் அந்த எரிச்சல் குறையும். கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் கழிப்பறை நாற்காலி வந்தது. தண்ணீர் குடிக்கும் பயம் போயிற்று. கஞ்சி காய்ச்சும் பொறுப்பு தம்பிக்குப் போனது. பள்ளிவாசல் ஆலிமிடம் வாப்பாவே கேட்டு வந்தார்: நோயாளிக்கு விலக்கு உண்டு, விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடிக்கலாம். அவள் அந்த மாதம் முடிந்த நாட்கள் பிடித்தாள். மிச்சத்தை மார்கழிக் குளிரில் பிடித்தாள். மார்கழியில் அஸர் நேரத்தில் கால் நின்றது. அதே பட்டினி, ஏறக்குறைய அதே மணிநேரம். வெயில் மட்டும் இல்லை. ஈரானில் இஸ்ஃபஹான் மருத்துவர்கள், நோய் லேசாக இருந்தவர்கள் நோன்பு பிடித்ததால் குறுகிய காலத்தில் கெடுதல் தெரியவில்லை என்று 2009இல் எழுதியிருப்பதை அப்புறம் படித்தேன். லேசாக இருந்தவர்கள் என்பதை அடிக்கோடிட வேண்டும்.

கந்த சஷ்டி ஐப்பசியில் வருவதால் வெயில் தொல்லை இல்லை. அங்கே சிக்கல் வேறு. திருச்செந்தூர்க் கோயில் வளாகத்திலேயே ஆறு நாளும் தங்குகிறவர்கள் உண்டு. சிலர் ஒருவேளை சாப்பிடுவார்கள், சிலர் பாலும் பழமும், சிலர் முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று மிளகு விரதம். ஒரு இளைஞர் இந்தக் கடைசி வகை. சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்தவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். இரண்டு காலும் மரக்கட்டையாக விறைத்திருந்தன. விரதம்தான் இப்படிச் செய்தது என்று அம்மா அழுதார். "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்டேன். "விரதத்துல எப்படி மேடம் மாத்திர போட?" தசை இறுக்கத்துக்கு மூன்று வேளை போட்டுவந்த பேக்லோஃபெனை ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். அதைச் சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் திருப்பி அடிக்கும். வலிப்பும் சித்தக் குழப்பமும்கூட வரலாம். நல்லவேளை, அவ்வளவு தூரம் போகவில்லை. அடுத்த வருடம் பால், பழம், மாலையில் ஒருவேளைச் சோறு என்று எழுதிக் கொடுத்தேன். மாத்திரைக்கு முருகன் கோபிக்க மாட்டான் என்பதை நான் சொன்னால் எடுபடாது. கோயிலில் அவர் மதிக்கும் ஒருவர் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். விரதம் பற்றி யார் வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது எத்தனை வேளை சாப்பாட்டை விடுகிறாய் என்பதல்ல, எத்தனை மாத்திரையை விடுகிறாய் என்பது.

வைட்டமின் டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு வெயிலில் வாழ்ந்தும் நமக்கு அது குறைவு; வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் எம்.எஸ். நோயாளிக்கு இன்னும் குறைவு. நோயின் முதல் அறிகுறியிலேயே அதிக அளவில் கொடுத்தபோது நோயின் செயல்பாடு குறைந்ததாக 2025இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நோய் உறுதியாகி வேறு மருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த முந்தைய ஆய்வில் பலன் தெரியவில்லை. என் கவலை வேறு. கடையில் கிடைப்பது 60,000 யூனிட் பொட்டலம், பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. அதை நாளைக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியோடு வருகிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் சூரணங்களும் அப்படியே. எதிர்ப்பு மண்டலம் தறிகெட்டு ஓடுவதே நோயாக இருக்கும்போது அதை இன்னும் ஏன் உசுப்ப வேண்டும்? கோவிட் காலத்தில் சீந்தில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். எம்.எஸ். மருந்துகள் சிலவும் ஈரலைத்தான் சோதிக்கும். சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய், சாப்பிடும் ஆங்கில மருந்தின் பெயரையும் சொல்லுங்கள் என்பேன்.

நோய் முதிர்ந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம். அங்கேதான் என் படிப்பு முழுக்கப் பயன்படும். நம் ஊரில் நோயாளி என்றாலே ரசச் சாதம். தண்ணீரும் பருக்கையுமாக இரண்டு வேகத்தில் தொண்டைக்குள் இறங்கும் ரசச் சாதம், இவர்களுக்குப் புரையேற்றுவதில் முதலிடம். கெட்டியாக, ஒரே பதத்தில் இருப்பதுதான் பத்திரம்: குழைத்த கூட்டாஞ்சோறு, கெட்டித் தயிரில் மசித்த சாதம், ஆறிய கூழ். உளுந்தங்களி தொண்டையில் ஒட்டுமென்பதால் கருப்பட்டிப் பாகு ஊற்றி இளக்கித்தான். தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டக் கூடாது, தாடை நெஞ்சை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீரையும் கொஞ்சம் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுப்போம். அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பற்றித் தெரியாமல் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுடையவைதான். அந்தப் படிவத்தையும் நான்தான் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் வந்தது ஒரு தலைப்பிரசவம். மகளுக்கு எம்.எஸ்., எட்டாம் மாதம், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நோய் அடங்கி இருக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் தாக்குதல் கூடும் என்பதை 1998இல் ஐரோப்பாவில் பல நாடுகளில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து கண்டார்கள். நம் ஊரில் அந்த மூன்று மாதம்தான் அடைத்த அறை, பிரசவ லேகியம், அண்டா அண்டாவாக வெந்நீர். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் ஓங்கி ஊற்றும் அந்த வெந்நீரை நினைத்தாலே எனக்கு உட்ஹாஃப்தான் நினைவுக்கு வருகிறார்.

அம்மா நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார். உளுந்தங்களி கொடுக்கலாமா, பால்சுறாப் புட்டு கொடுக்கலாமா, பூண்டுக் குழம்பு? எல்லாம் கொடுக்கலாம் என்றேன். ஜன்னல் திறந்திருக்கட்டும், ராத்திரி ஒரு தடவையாவது பிள்ளையை வேறு யாராவது பார்த்துக்கொண்டு இவளைத் தூங்க விடுங்கள், வெந்நீர் வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தையில் பேனா நின்றுவிட்டது.

"பச்சத்தண்ணியா? பெத்த உடம்பும்மா!"

"வெதுவெதுன்னு. உங்க முழங்கைல ஊத்திப் பாத்தா சூடே தெரியக் கூடாது."

"நொச்சி, வேப்பெல எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சு, ஆற வச்சு ஊத்துனா?"

"ஆற வச்சா குத்தமில்ல."

எழுதிக்கொண்டார். மகள் அதுவரை பேசவில்லை. நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்: "கர்ப்பத்துக்காக நிறுத்தின மருந்த மறுபடி எப்போ ஆரம்பிக்கணும்? பால் குடுக்கதுக்கும் அதுக்கும் என்ன கணக்கு? டாக்டர்ட்டக் கேட்டாச்சா?"

"கேக்கலக்கா. பிள்ள பெறந்தப்புறம் பாத்துக்கலாம்னு அம்மா..."

"நாலு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. இப்பமே போயி அந்தத் தேதிய எழுதி வாங்கிட்டு வாங்க. களிக்கு எவ்வளவு உளுந்துன்னு அப்புறம் சொல்லுதேன்."